ஐந்நூறு ரூபாய் பென் டிரைவா, பில்லோடு வாங்குவதா, இலவசமா? கல்யாணப் பத்திரிகைக் கடைக்கு மென்பொருள் வாங்க நான்கு வழிகள்

தேவகோட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை போடப்போகும் தம்பி ஒருவர் போன வாரம் என்னைப் பார்க்க வந்திருந்தார். கையில் ஒரு தாள். கணினி இரண்டு, லேசர் பிரிண்டர் ஒன்று, வெட்டும் இயந்திரம், மேசை, நாற்காலி என்று வரிசையாக எழுதி எதிரே தொகை போட்டிருந்தார். கடைசி வரியில் 'சாஃப்ட்வேர் – 500'.

"அண்ணே, ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா, பாருங்கள்" என்றார்.

நான் அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தேன்.

"ஒரு பையன் பென் டிரைவோடு வந்து விண்டோஸ், வரையக் கோரல்டிரா, படம் திருத்தப் போட்டோஷாப், கணக்குக்கு டாலி எல்லாம் போட்டுக் கொடுத்துவிடுவான் அண்ணே. எல்லாக் கடையிலும் அதுதானே?"

இல்லை என்று சொன்னால் பொய். காரைக்குடியில் நான் கடை திறந்தபோதும் அதுதான். அப்போது பென் டிரைவ் இல்லை. சென்னை பர்மா பஜாரிலிருந்து வந்த குறுவட்டு, மேலே மார்க்கர் பேனாவால் கிறுக்கிய பெயர். (பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த ஊர்க்காரர்கள் நாங்கள். பர்மாவிலிருந்து எல்லாம் விட்டுவிட்டு வந்தவர்கள் போட்ட கடைத்தெருவில் திருட்டு வட்டு வாங்கினோம். அப்பச்சி இருந்திருந்தால் சிரித்திருப்பார்.) ஆகவே ஒழுக்கப் பாடம் எடுக்க எனக்கு யோக்கியதை கிடையாது. கணக்குப் பார்த்துச் சொல்ல மட்டும் முடியும்.

தம்பி முன்னால் இருப்பவை நான்கு வழிகள். பூட்டு உடைத்த பிரதி, அதாவது கிராக். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் 'ஒரிஜினல் கீ', அதாவது மென்பொருளைத் திறக்கும் குறியீடு. நிறுவனத்திடம் பில்லோடு வாங்குவது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று மூலநிரலோடு விடப்படும் கட்டற்ற மென்பொருள்.

எதை வைத்து அளப்பது

விலையை மட்டும் வைத்து அளந்தால் ஐந்நூறு ரூபாய்தான் ஜெயிக்கும், பேச்சே வேண்டாம். நான் பார்ப்பது வேறு நான்கு.

முதலில், வரவு யார் பெயரில்? வட்டிக்கடைக் கணக்கில் வரவு என்று எழுதினால் யாரிடமிருந்து வந்தது என்று பெயரும் எழுத வேண்டும். பெயரில்லாத வரவை வைத்துக்கொண்டு ஐந்தொகை கட்ட முடியாது. மென்பொருளுக்கும் அதே கேள்விதான்: இந்தப் பிரதியின் பூட்டைத் திறந்தவர் யார், எதற்காகத் திறந்தார்?

அடுத்து, முகூர்த்த வாரத்தில் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது? மூன்றாவது, மூன்று ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்; இதில் ஆபரேட்டர் பழகும் நாள்களும், வேலை கெட்டுப்போய் நிற்கும் நாள்களும் சேர்த்தி. நான்காவது தொழில் சம்பந்தப்பட்டது: பழைய கோப்பு திறக்குமா, தமிழ் எழுத்து உடையாமல் நிற்குமா, சிவகாசியிலோ மதுரையிலோ அச்சுப் பிளேட் போடுகிறவர் அதை வாங்கிக்கொள்வாரா?

வழி ஒன்று: கிராக்

பூட்டு உடைந்த பிரதி வானத்திலிருந்து விழுவதில்லை. அது வெளியே வருவதற்கென்று வாசல்கள் இருக்கின்றன.

மிகப் பழைய வாசல், உள்ளே இருப்பவரின் கை. 1975-ல் ஆல்டேர் என்ற கணினிக்காக பில் கேட்ஸும் பால் ஆலனும் எழுதிய பேசிக் மென்பொருள், துளையிட்ட காகித நாடாவில் இருந்தது. அதில் ஒரு நாடா கைமாறிப் போய், கலிபோர்னியாவின் ஹோம்புரூ கணினி மன்றத்தில் படியெடுத்து விநியோகமானது. 1976 பிப்ரவரியில் கேட்ஸ் கோபத்தோடு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். கால் நூற்றாண்டு கழித்து அதே நிறுவனத்தில் மறுபடி அதே கதை. விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபர் 25 அன்று கடைக்கு வந்தது. பெரிய நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கும் பதிப்பும், அதற்கான கீயும் சுமார் ஐந்து வாரத்துக்கு முன்பே இணையத்தில் உலவத் தொடங்கிவிட்டன. அந்தப் பதிப்புக்கு ஆக்டிவேஷன், அதாவது கீயை நிறுவனத்திடம் சரிபார்க்கும் வேலை, கிடையாது. ஒரே கீ, உலகம் முழுக்க. எங்கள் ஊரில் அதை மனப்பாடமாகச் சொல்லும் பையன்கள் இருந்தார்கள். 2002-ல் வந்த முதல் சர்வீஸ் பேக் (திருத்தத் தொகுப்பு) அந்தக் கீயை ஏற்க மறுத்தது. அன்றைக்குத்தான் பலருக்கும் தாங்கள் எந்தக் கீயில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதே தெரிந்தது.

இரண்டாவது வாசல், குழுக்கள். எந்த மென்பொருளை யார் முதலில் உடைத்து வெளியிடுகிறார்கள் என்பதே இவர்களுக்குள் போட்டி. காசு இரண்டாம்பட்சம், பெயர்தான் பெரிது. 1993-ல் மாஸ்கோவில் தொடங்கிய டிரிங்க்ஆர்டை என்ற குழு, விண்டோஸ் 95-ஐ அது வெளிவருவதற்கு முன்பே வெளியிட்டுப் பெயர் வாங்கியது. 2001 டிசம்பரில் 'ஆபரேஷன் பக்கனீர்' என்ற பெயரில் பல நாடுகளில் ஒரே நேரத்தில் நடந்த சோதனையில் அந்தக் குழு சிதறியது. சோதனை நடந்த இடங்களில் பெரிய பல்கலைக்கழகங்களும் இருந்தன.

மூன்றாவது, உரிமத்தைச் சோதிக்கும் பகுதியையே ஏமாற்றுவது. மென்பொருளுக்குள் 'உரிமம் இருக்கிறதா' என்று கேட்கும் கோப்பை எடுத்துவிட்டு, எப்போதும் 'இருக்கிறது' என்று தலையாட்டும் கோப்பை வைப்பார்கள். அல்லது நிறுவனத்தின் உரிமச் சர்வர் போல நடிக்கும் ஒரு சிறு நிரலை அதே கணினியில் உட்கார வைப்பார்கள். டாங்கிள் (சாவி போல இருக்கும் சிறு கருவி) செருகினால்தான் திறக்கும் மென்பொருள்களுக்கு, டாங்கிள் செருகியிருப்பது போல நடிக்கும் நிரல்.

இதுவரை சொன்னதில் யாரும் நம் கணினிக்குக் கெடுதல் நினைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். உடைத்தவருக்குப் புகழ் போதும். ஆனால் அது நம் ஊர்ப் பையனின் பென் டிரைவுக்கு வந்து சேர்வதற்குள் பல கை மாறுகிறது. நடுவில் அதை மறுபடி பொட்டலம் கட்டி இணையத்தில் வைப்பவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குப் புகழ் வேண்டாம், வருமானம் வேண்டும். 2021-ல் விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் பிரபலமான நிரல் ஒன்றின் பெயரில் உலவிய போலிப் பொட்டலங்களுக்குள் கிரிப்ட்பாட் என்ற திருடன் இருந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பிரவுசரில் சேமித்து வைத்த கடவுச்சொற்களை அள்ளிக்கொண்டு போவதுதான் அதன் வேலை. பொட்டலத்தோடு வரும் குறிப்பில் முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: 'ஆன்டிவைரஸை நிறுத்திவிடவும்'. வீட்டுக்கு வருகிறவன் நாயைக் கட்டச் சொல்வதில் நியாயம் உண்டு. முகப்பு விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால்?

என் கதையைச் சொல்கிறேன். 2020 தை மாதம். கல்யாண வேலை குவிந்திருந்தது. பழைய பாமினி எழுத்துருவில் இருந்த கோப்புகளை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்ற ஏதோ ஒரு நிரல் வேண்டும் என்று இரண்டாவது கணினியில் இருந்த ஆபரேட்டர் ஒரு கிராக்கை இறக்கினார். குறிப்பில் சொன்னபடி ஆன்டிவைரஸை நிறுத்தினார். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் பின்னால் நான்கு எழுத்து வால் முளைத்திருந்தது. எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு கோப்புறையிலும் ஒரு சிறு குறிப்பு: கோப்புகள் வேண்டுமானால் 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490. தள்ளுபடி வேறு!

பிறகு விசாரித்ததில் அது ஸ்டாப் அல்லது டிஜேவியூ என்று அழைக்கப்படும், கோப்பைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வகை என்றும், அது பரவுவதே பெரும்பாலும் கிராக் வழியாகத்தான் என்றும் தெரிந்தது. எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் அதற்கு இலவச மீட்பு நிரல் வெளியிட்டிருந்தது. அது முக்கியமாகப் பழைய வகைகளுக்கு. எங்களுக்கு வந்தது புதியது.

பதினொரு நாளில் முகூர்த்தம் இருந்த ஒரு நகரத்தார் வீட்டுப் பத்திரிகை அதில் போய்விட்டது. அந்தப் பத்திரிகைகளைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: கோவில், பிரிவு, ஊர், ஐயா பெயர், அப்பச்சி பெயர், பெண் வீட்டு வரிசை, மாப்பிள்ளை வீட்டு வரிசை, எல்லாவற்றுக்கும் முன்னால் விலாசம் (பெயருக்கு முன்னால் வரும் குடும்ப முதலெழுத்துகள்). விலாசத்தில் ஒரு எழுத்து மாறினால் பத்திரிகையைக் கையில் வாங்கியவர் கல்யாணத்தைப் பேசமாட்டார், அதைத்தான் பேசுவார். நல்ல வேளையாக, ஆச்சி ஒருவர் பென்சிலால் திருத்திக் கொடுத்த புரூஃப் தாள் குப்பைக் கூடையில் மடங்கிக் கிடந்தது. அதை நீவி எடுத்து, இரவு இரண்டு மணி வரை மறுபடி அடித்தோம். மற்ற ஆறு ஆண்டு வேலை போனது போனதுதான்.

கோப்பு போனதைவிட எனக்குத் தூக்கம் கெட்டது வேறொன்றில். நம் கடைக் கணினியில் நம்முடையது என்ன இருக்கிறது? ஆதார் நகல் எடுக்க வந்தவரின் ஆதார், வங்கிக் கடனுக்கு ஒருவர் அனுப்பிய பான் அட்டை, பத்திரிகைக்கு வந்த குடும்பப் பெயர்களும் தொலைபேசி எண்களும், எப்போதும் திறந்தே கிடக்கும் வாட்ஸ்அப். எல்லாம் ஊரார் சொத்து. ஐந்நூறு ரூபாய்க் கணக்கில் இது எந்தப் பத்தியில் வரும்?

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 63பி: திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொழிலுக்காக இல்லாமல் பயன்படுத்தியவருக்குச் சிறையைத் தவிர்த்து, 50,000 வரை அபராதத்தோடு விடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. கடை வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகை பொருந்தாது. தெருமுனைக் கடையைத் தேடி யார் வரப்போகிறார்கள் என்று கேட்பீர்கள். பெரும்பாலும் வருவதில்லைதான். கடை வளர்ந்து, நான்கு கணினி எட்டாகி, பெயர்ப்பலகை பெரிதாகும்போது நோட்டீஸ் வருவதுண்டு.

கிராக் எப்போது நல்லது? ஒரு காலத்தில் பழகுவதற்கு வேறு வழியே இருக்கவில்லை. எங்கள் ஊரில் நல்ல கை என்று பெயர் வாங்கிய டிசைனர்கள் பலர் அதில் பழகியவர்கள்தான். அதை மறைப்பதில் பயனில்லை. இன்று அந்தக் காரணமும் போய்விட்டது. சோதனைப் பதிப்பு இருக்கிறது, இலவச மென்பொருள் இருக்கிறது. கட்டடக்கலை, பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு, ஆட்டோகேட் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் மாணவர் பதிப்பை இலவசமாகவே தருகிறது. ஆனால் மாணவர் பதிப்பில் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்யக் கூடாது. முன்பெல்லாம் அந்தப் பதிப்பில் வரைந்த படத்தை அச்சிட்டால் 'கல்விப் பதிப்பில் உருவானது' என்று நான்கு ஓரத்திலும் தானாக விழும். பழைய வீடு ஒன்றின் வளவையும் பட்டாலையையும் அளந்து வரைந்து, அந்த முத்திரையோடேயே வீட்டுக்காரரிடம் கொடுத்து விழித்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

வழி இரண்டு: இணையத்தில் மலிவுக் கீ

இதில்தான் விவரம் தெரிந்தவர்களே ஏமாறுகிறார்கள். "கிராக் இல்லை அண்ணே, ஒரிஜினல் கீ" என்பார்கள். கீ உண்மையானதுதான், விற்கிறவருக்கு அது எப்படி வந்தது என்பதே கேள்வி. ஏதோ ஒரு நிறுவனமோ கல்லூரியோ நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு வாங்கிய கீயில் மிச்சம் இருந்ததை உள்ளே இருப்பவர் விற்றிருக்கலாம். பழைய இரும்புக்குப் போன கணினியின் ஒட்டுத்தாளிலிருந்து எழுதியிருக்கலாம். திருடிய கடன் அட்டையில் வாங்கியதாகவும் இருக்கலாம். ஆக்டிவேட் ஆகும், பச்சை டிக் விழும். எண்ணிக்கை மீறியதை நிறுவனம் கவனித்துக் கீயை முடக்கும் நாளில் விற்றவரின் கடைப்பெயரே மாறியிருக்கும்.

வைரஸ் ஆபத்து கிராக்கைவிடக் குறைவு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜிஎஸ்டி எண்ணோடு பில் கேட்டுப் பாருங்கள். தரமாட்டார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் வாங்குபவர்கள் 'எந்த வீட்டுத் தூண் இது' என்று கேட்பார்கள்; கடைக்காரர் இழுத்தால் நகர்ந்துவிடுவார்கள். இதுவும் அப்படித்தான்.

வழி மூன்று: பில்லோடு

இதிலும் இரண்டு உண்டு: ஒரே தடவை விலை, சந்தா. அடோபி 2013-ல் சந்தாவுக்கு மாறியது. 2012-ல் வந்த சிஎஸ் 6-தான் அவர்கள் ஒரே தடவை விலைக்கு விற்ற கடைசி முழுத் தொகுப்பு. சந்தாவில் நல்லது, முதல் நாளில் பெரிய தொகை வேண்டாம். மறைந்திருப்பது, கட்டுவதை நிறுத்தினால் நம் கோப்பை நாமே அதில் திருத்த முடியாது. இன்னொன்று, 'மாதம் இவ்வளவு' என்று காட்டுவது பல நேரம் ஓராண்டு ஒப்பந்தம். நடுவில் விட்டால் அபராதம். இந்த அபராதத்தைச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்று அமெரிக்க அரசு தன் வர்த்தக ஆணையத்தின் பரிந்துரையில் 2024 ஜூனில் அடோபி மீது வழக்கே போட்டது. ஆகவே கார்டு எண்ணைத் தட்டும் முன் அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

விண்டோஸைத் தனியாக வாங்குவதைவிட, விண்டோஸோடு வரும் கணினியாக வாங்குவதே லாபம். உதிரி பாகம் சேர்த்துக் கட்டும் கணினியில் மிச்சமாகிறது என்று நினைக்கும் பணத்தில் ஒரு பகுதி, உண்மையில் வாங்காமல் விட்ட விண்டோஸின் விலை.

பலரும் மறப்பது வரி. பில் இருந்தால் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம் (சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது கிடையாது). வருமான வரியில் கணினி மென்பொருளுக்கு 40 சதவீதம் தேய்மானம் எழுதலாம். பென் டிரைவ் பையனுக்குக் கொடுத்த ஐந்நூறை எதில் எழுதுவது?

டாலியைப் பற்றித் தம்பி தனியாகக் கேட்டார். பழகிப் பார்க்க அதிலேயே இலவசக் கல்விமுறை இருக்கிறது. மாதத்தில் 1, 2, 31 தேதிகளில் மட்டும் பதிவு போட விடும். பழக அது தாராளம்.

வழி நான்கு: கட்டற்ற மென்பொருள்

பத்திரிகை வரைய இங்க்ஸ்கேப். பக்கம் கட்ட ஸ்கிரைபஸ். படம் திருத்த கிம்ப், அதன் 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வந்தது. கடிதம், கணக்குத்தாளுக்கு லிப்ரே ஆபீஸ். எல்லாம் முழுச் சட்டப்படி இலவசம், எத்தனை கணினியில் வேண்டுமானாலும். மூலநிரலே திறந்து கிடப்பதால் உடைக்கப் பூட்டு இல்லை. ஒன்றில் மட்டும் கவனம்: அவரவர் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இலவச மென்பொருளின் பெயரிலும் போலிப் பொட்டலங்கள் உண்டு.

தமிழுக்கு இவை எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கின்றன. பழைய கோரல்டிராவில் ஒருங்குறித் தமிழை அடித்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். அதனால்தான் நாம் பாமினியிலேயே கிடந்தோம். இங்க்ஸ்கேப்பில் 'ஸ்ரீ', 'கொ', 'கௌ' எல்லாம் ஒழுங்காக உட்காருகின்றன. எழுத்துருவும் திருட வேண்டியதில்லை: மீரா இனிமை, கவிவனார், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பவனம், நோட்டோ என்று சட்டப்படி இலவசமாகப் பல இருக்கின்றன. (எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு என்பதே நம் தொழிலில் பாதிப்பேருக்குத் தெரியாது.)

குறை எங்கே? இங்க்ஸ்கேப் திரைக்கான நிறங்களில் வேலை செய்வது. அச்சுக்கான நான்கு நிறப் பிரிப்பு அதில் சரிவராது. ஆஃப்செட்டுக்குப் போகும் வேலையை ஸ்கிரைபஸுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பிடிஎஃப் எடுக்க வேண்டும். முதல் தடவை எனக்கு மஞ்சள் பத்திரிகையின் குங்கும நிறம் செங்கல் நிறமாக வந்தது. பழைய சிடிஆர் (கோரல்டிராவில் சேமித்த) கோப்புகள் இங்க்ஸ்கேப்பில் திறக்கும். ஆனால் நிழலும் சில அலங்காரங்களும் காணாமல் போகும். பிளேட் போடுகிறவர் 'சிடிஆர் அனுப்புங்கள்' என்று அடம்பிடிப்பதும் உண்டு. பிடிஎஃப் போதும் என்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். ஆரம்பிக்கும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

உண்மையான செலவு ஆபரேட்டரின் கைதான். பத்தாண்டு கோரல்டிராவில் ஓடிய கை, குறுக்குவிசை மாறியதும் தடுமாறும். எங்கள் கடையில் இரண்டு வாரம் வேலை பாதியாகக் குறைந்தது. மூன்றாவது வாரம் அந்த ஆபரேட்டர் பழையதைக் கேட்கவில்லை, நான்தான் கேட்டேன்.

நடுவில் ஒரு புது வழியும் வந்திருக்கிறது. கேன்வா 2024-ல் வாங்கிய அஃபினிட்டி என்ற வடிவமைப்பு மென்பொருள், 2025 அக்டோபர் இறுதியிலிருந்து இலவசம். இது கட்டற்றது அல்ல. கணக்குத் தொடங்க வேண்டும், நாளை விதி மாறலாம். ஒரு பத்திரிகையை முழுத் தமிழில் அடித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஒரு பார்வையில்

| வழி | வரவு யார் பெயரில் | முகூர்த்த வாரத்தில் நின்றால் | மறைந்த செலவு |
|---|---|---|---|
| கிராக் | யாருக்கும் தெரியாது | பென் டிரைவ் பையன், அவர் போனை எடுத்தால் | கோப்பு, கடவுச்சொல், ஊரார் ஆவணம், வழக்கு |
| மலிவுக் கீ | வேறு யாரோ ஒருவர் | யாரும் இல்லை | திடீர் முடக்கம், பில் இல்லை |
| பில்லோடு | உங்கள் பெயரில் | நிறுவனம் அல்லது முகவர் | சந்தாப் பிடி, நடுவில் விட்டால் அபராதம் |
| கட்டற்றது | எல்லார் பெயரிலும் | நீங்களும் பயனர் மன்றங்களும் | பழகும் நாள், நிறப் பிரிப்பு |

யாருக்கு எது

புதிதாகக் கடை திறப்பவருக்குப் பழைய கோப்பு பாரம் இல்லை. அதுதான் அவருடைய பெரிய சொத்து. நான்காவது வழியில் தொடங்குவது அவருக்குச் சுலபம். எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. ஆஃப்செட் வேலை நிறையச் செய்பவர், பழைய சிடிஆர் கோப்புகளை ஆயிரக்கணக்கில் வைத்திருப்பவர், ஒரே ஒரு கணினிக்குக் கோரல்டிரா வாங்கிக்கொண்டு, மற்றவற்றில் கட்டற்றதை ஓட்டலாம். நான் செய்வது இதுதான். ஃபோட்டோ ஸ்டூடியோக்காரருக்குச் சந்தா கட்டுப்படியாகும். மாதம் நான்கு கல்யாணம் எடுப்பவருக்கு அது பெரிய தொகை அல்ல.

பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது; பழைய பல கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. பில் போடவும் கடிதம் அடிக்கவும் மட்டும் இருக்கும் கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம் போடலாம். ஃபிளெக்ஸ் இயந்திரத்தோடு இணைந்த கணினியில் வேண்டாம். அந்த மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸுக்கு மட்டும்தான் வரும்.

எந்த வழியானாலும் ஒரு தனி ஹார்ட் டிஸ்க். சனிக்கிழமை மாலை செருகு, படியெடு, கழற்றிப் பெட்டிக்குள் வை. செருகியபடியே விட்டால் அதிலும் வால் முளைக்கும்.

தம்பி தாளைத் திருப்பி மேசையில் வைத்துக்கொண்டு பேனாவைக் கேட்டார். 'சாஃப்ட்வேர் – 500' என்பதை அடித்தார். கீழே எழுதினார்: விண்டோஸ் – கணினியோடு, பில்லில். கோரல்டிரா – இப்போது வேண்டாம். இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் – 0. ஹார்ட் டிஸ்க் – 1. ஆபரேட்டர் பழக – இரண்டு வாரச் சம்பளம்.

"டாலி அண்ணே?"

"கணக்கு யார் எழுதப்போகிறார்கள்?"

"மாமா. பேரேட்டில்தான் எழுதுவார்."

டாலி என்று எழுதி, எதிரே தொகை போடாமல் ஒரு கோடு மட்டும் இழுத்தார்.